குழல் மாற்றினால் குறி தப்பாதா?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

காலை ஏழு மணிக்குச் சிங்கப்பெருமாள் கோவில் கூட்டுச்சாலையில் நின்று பாருங்கள். தொழிற்சாலைப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரகடம் பக்கம் திரும்பும். அவற்றுக்கு இடையே 'தடதட'வென்று ஒரு 'புல்லட்' மோட்டார் சைக்கிள் போகும். புல்லட் என்றால் துப்பாக்கிக் குண்டு. ஒரு வண்டிக்கு ஏன் இப்பெயர் என்று நான் பலநாள் எண்ணியதுண்டு.

அதன் கதை சுவையானது. 1890-களில் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த ஒரு நிறுவனம், என்ஃபீல்டு என்னும் ஊரில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுண்ணிய உறுப்புகளைச் செய்து கொடுத்தது. 'ராயல் என்ஃபீல்டு' என்ற பெயர் அந்தத் தொடர்பால் வந்தது. பீரங்கிச் சின்னமும், 'துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது' என்ற வாசகமும் அப்படியே வந்தவை. 2013 முதல் அந்த வண்டி நம் ஒரகடத்திலும் உருவாகிறது. துப்பாக்கியைப் போல என்றால் அத்தனை நுட்பமாக, ஓர் உறுப்பும் மயிரளவு பிசகாமல் என்று பொருள்.

அப்படியானால் துப்பாக்கியே எவ்வளவு நுட்பமானது? அந்த நுட்பத்தை இன்னும் கூட்டினால் குறி இன்னும் சரியாக விழுமா? துப்பாக்கிச் சுடும் போட்டிகளில் இது ஒரு பெரிய விவாதம். கைத்துப்பாக்கியோடு வந்த குழலைக் கழற்றிவிட்டு, வேறொரு நிறுவனம் தனியாகச் செய்து விற்கும் உயர்ரகக் குழலைப் பொருத்துவோர் வெளிநாடுகளில் உண்டு. அதற்குச் செலவிடும் பணம் வீணா, பயனா? இதை இயற்பியல் மாணவனின் கண்ணோடு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூடம் கோணலா?

இந்தக் கேள்வி எனக்கு நூலகத்தில் பிறக்கவில்லை. தேசிய மாணவர் படை முகாமில் பிறந்தது. அங்கே 25 மீட்டர் தொலைவில், .22 ரைஃபிளால் ஐந்து தோட்டாக்கள் சுடச் சொன்னார்கள். தாளில் என் ஐந்து துளைகளும் ஐந்து திசையில் கிடந்தன. ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை 12 செ.மீ. "இந்தத் துப்பாக்கி சரியில்லை ஐயா, குழல் தேய்ந்திருக்கிறது" என்றேன்.

ஹவில்தார் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "அப்படியா தம்பி?" என்று கேட்டுவிட்டு, அதே துப்பாக்கியை எனக்கு அடுத்துப் படுத்திருந்த மாணவியிடம் கொடுத்தார். அவர் சுட்ட ஐந்தும் 4 செ.மீ.க்குள் அடங்கின. 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்ற பழமொழி அன்று எனக்காகவே சொல்லப்பட்டதுபோல் இருந்தது.

எனினும் ஓர் ஐயம் மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. கூடம் கோணலாக இருப்பதும் உண்டுதானே? எந்த அளவு கோணல் என்றால் ஆட்டம் கெடும்? அதைக் கணக்கிட முடியாதா?

குழல் செய்யும் வேலை

முதலில் குழலின் பணியைக் காண்போம். துப்பாக்கிக் குழலின் உட்புறம் வழவழப்பான வெறும் குழாய் அன்று. அதில் திருகாணியின் மரைபோல நீண்டு வளைந்து செல்லும் வரிப்பள்ளங்கள் உண்டு. குண்டு அவற்றைக் கவ்விக்கொண்டு சுழன்றபடி வெளியேறுகிறது. .22 தோட்டாவுக்கான குழல்களில் பெரும்பாலும் ஏறத்தாழ 40 செ.மீ. நீளத்துக்கு ஒரு முழுச் சுற்று என்ற கணக்கில் இவ்வரிகள் அமையும். நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் குண்டு வெளியேறுகிறது என்று கொண்டால், அது நொடிக்கு 700 முறைக்கு மேல் சுழல்கிறது. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பது போலவே, சுழலும் குண்டும் தலைகுப்புறக் கவிழாமல் நேராகச் செல்கிறது.

ஆகவே நல்ல குழலுக்கு மூன்று இலக்கணங்கள் சொல்லலாம். உள்விட்டம் முழுநீளத்துக்கும் ஒரே சீராக இருக்கவேண்டும். தோட்டா அமரும் அறை குழலின் அச்சோடு ஒரே நேர்க்கோட்டில் இருக்கவேண்டும். குண்டு விடைபெறும் வாயின் விளிம்பு சற்றும் சேதமின்றி வட்டமாக இருக்கவேண்டும். விளிம்பில் ஒரு பக்கம் நெளிந்திருந்தால், குண்டு வெளியேறும் கணத்தில் வாயு அப்பக்கமாக முந்திக்கொண்டு பீறிட்டுக் குண்டைத் தள்ளிவிடும்.

அசையாத குழல், அசையும் குழல்

கைத்துப்பாக்கிகளில் இரு வகை உண்டு என்பதை அறிந்தால்தான் நம் கேள்விக்கு விடை கிடைக்கும்.

ஒலிம்பிக் 25 மீட்டர் போட்டிகளுக்கென்றே செய்யப்படும் .22 கைத்துப்பாக்கிகளில் குழல் உடலோடு இறுக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். சுடும்போது அது நகர்வதில்லை. இவற்றைச் செய்வோரே போட்டியை மனத்தில் வைத்துச் செய்வதால், வெளியார் குழல் வாங்கி மாட்ட வேண்டிய தேவை ஏறக்குறைய இல்லை.

இராணுவத்துக்கும் காவலுக்கும் என்று பிறந்த கைத்துப்பாக்கிகள் வேறு வகை. 1911-ல் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட ஜான் பிரௌனிங் வடிவமைத்த துப்பாக்கி இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் சுடும்போது மேற்பகுதியான ஸ்லைடும் குழலும் சேர்ந்து சிறிது பின்னே நகரும். பின் குழலின் பின்புறம் கீழே சாய்ந்து ஸ்லைடை விட்டுப் பிரியும். அடுத்த தோட்டாவோடு மீண்டும் மேலெழுந்து பூட்டிக்கொள்ளும். குறிபார்க்கும் முனைகள் ஸ்லைடின் மேல் இருக்கின்றன. குண்டோ குழலின் வழியே போகிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் குழல் பழைய இடத்துக்கே திரும்பி வந்து அமர்ந்தால்தான், கண் பார்த்த இடமும் குண்டு போகும் இடமும் ஒன்றாக இருக்கும்.

இங்கேதான் ஒரகடத்துப் பாடம் உதவுகிறது. என் அண்ணன் ஓர் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறார். துளையின் அளவைப் பார்க்க அவர் கையில் ஒரு கேஜ் இருக்கும். அதன் ஒரு முனை துளைக்குள் போகவேண்டும். மறு முனை போகக்கூடாது. இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் அனுமதிக்கப்பட்ட வேறுபாடு. "அசையவேண்டிய உறுப்புக்கு இடைவெளி விட்டே ஆகவேண்டும். விடாவிட்டால் சிக்கும்; அதிகம் விட்டால் ஆடும்" என்பார் அவர். சேற்றிலும் மணலிலும் சிக்காமல் சுடவேண்டிய இராணுவத் துப்பாக்கிக்கு வேண்டுமென்றே சற்று இடைவெளி விடுகிறார்கள். போட்டிக்காரருக்கு அந்த இடைவெளிதான் பகை.

அந்த ஆட்டம் எவ்வளவு கெடுக்கும்? 1911 வகையின் குழல் நீளம் 127 மி.மீ. அதன் முனை, ஒரு மெல்லிய தலைமயிரின் கனமான 0.05 மி.மீ. மட்டும் விலகி அமர்கிறது என்று வைப்போம். வடிவொத்த முக்கோண விதிப்படி, 25 மீட்டர் தொலைவில் குண்டு ஏறத்தாழ 10 மி.மீ. தள்ளி விழும். 50 கெஜத்தில் 18 மி.மீ. தள்ளி விழும்.

வெளியே விற்கும் உயர்ரகக் குழல்கள் இந்த ஆட்டத்தைக் குறைக்கவே வந்தவை. அவற்றிலும் இரு ரகம் உண்டு. ஒன்று, வாங்கியதும் மாட்டிக்கொள்ளும் குழல். எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தவேண்டும் என்பதால் அதிலும் இடைவெளி விட்டே செய்வார்கள். ஆகவே இலாபம் சிறிதே. மற்றொன்று, பூட்டும் இடங்களில் சற்றுப் பெரிதாக வைத்து விற்கப்படுவது. தேர்ந்த துப்பாக்கிக் கம்மியர் அதை அந்த ஒரு துப்பாக்கிக்கென்று இழைத்து இழைத்துப் பொருத்துவார். உண்மையான பலன் பெரும்பாலும் இந்தப் பொருத்துதலில்தான் இருக்கிறது. குழல் நல்லது என்பதைவிடக் குழல் நன்றாகப் பொருந்தியது என்பதே சரி.

இறுக்கத்துக்கும் விலை உண்டு. நெருக்கமாகப் பொருத்திய குழல் கரி படிந்தால் சிக்கிக்கொள்ளும். நொடிக்கணக்கில் ஓடும் போட்டியில் ஒரு முறை சிக்கினாலும் ஆட்டம் குலைந்துபோகும்.

கை செய்யும் பிழை

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். சர்வதேச விதிப்படி 25 மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டியின் நிதானச் சுற்றில், பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 50 மி.மீ. குண்டின் ஓரம் வளையத்தைத் தொட்டாலே பத்து கிடைக்கும். எனவே குண்டின் மையம் நடுவிலிருந்து ஏறத்தாழ 27.8 மி.மீ. வரை விலகலாம்.

முன் குறிமுனைக்கும் பின் குறிவெட்டுக்கும் இடையே விதி அனுமதிக்கும் பெரும நீளம் 220 மி.மீ. சுடும் கணத்தில் முன்முனை நடுவிலிருந்து கால் மில்லிமீட்டர், அதாவது 0.25 மி.மீ. விலகி நிற்கிறது என்று கொள்வோம். 25 மீட்டரில் அது 28.4 மி.மீ. விலகலாகும். பத்து போய் ஒன்பதாகிவிடும்!

கவனியுங்கள். கண்ணுக்கு எட்டியும் எட்டாத இந்தக் கால் மில்லிமீட்டர் தவறு, மேலே சொன்ன குழலின் ஆட்டத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு கெடுதல் செய்கிறது. விசையை இழுக்கும் விரல் சற்றே பதறினாலும் இந்த அளவு முனை நகர்ந்துவிடும். இந்தப் போட்டியில் விசையின் எடை ஒரு கிலோவுக்குக் குறையக்கூடாது. துப்பாக்கியின் மொத்த எடை 1,400 கிராமுக்கு மிகக்கூடாது. ஒற்றைக் கையில் தூக்கி நிறுத்திய 1.4 கிலோவை அசைக்காமல், ஒரு கிலோ விசையை ஒரு விரலால் இழுப்பது எளிய செயலா?

பித்தாகரசு சொல்லும் தீர்ப்பு

கையின் பிழை ஒன்று, கருவியின் பிழை ஒன்று. இரண்டும் சேர்ந்தால் மொத்தம் எவ்வளவு? கூட்டினால் வந்துவிடும் என்று நினைப்போம். அது தவறு. இரண்டும் ஒன்றையொன்று சாராதவை. ஒரு முறை கை வலப்புறம் இழுக்கும்போது குழல் இடப்புறம் தள்ளலாம். மறுமுறை இரண்டும் ஒரே பக்கம் தள்ளலாம். இப்படிப்பட்ட பிழைகளில் வர்க்கங்களைத்தான் கூட்டவேண்டும். பிறகு வர்க்கமூலம் காணவேண்டும். செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களும் கர்ணமும் போல எனலாம். நமது முதலாண்டு செய்முறைப் பயிற்சியில் பிழைக் கணக்கு என்று போட்டது இதுதான்.

ஒரு துப்பாக்கியின் சொந்தப் பரவல் 30 மி.மீ. என்று வைப்போம். புதுக்குழல் பொருத்தியதும் அது பாதியாகி 15 மி.மீ. ஆகிறது என்றும் தாராளமாக வைப்போம். மூவர் அதை வாங்குகிறார்கள்.

முதலாமவர் புதியவர். அவர் கையின் பரவல் 100 மி.மீ. பழைய குழலோடு மொத்தம் 104, புதுக்குழலோடு 101. நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கு மட்டுமே குறைந்தது என்று சொல்லலாம்.

இரண்டாமவர் நன்கு பழகியவர். கையின் பரவல் 40 மி.மீ. பழைய குழலோடு 50, புதியதோடு 43. ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைகிறது.

மூன்றாமவர் தலைசிறந்தவர். கையின் பரவல் 15 மி.மீ. மட்டுமே. பழைய குழலோடு 34; புதியதோடு 21. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது!

குழல் ஒன்றுதான், பணமும் ஒன்றுதான், பலன் மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஆக, குழல் பயன் தருமா என்ற கேள்விக்கு விடை குழலில் இல்லை. அதைப் பிடிக்கும் கையில் இருக்கிறது. பெரிய பிழையின் நிழலில் சிறிய பிழை மறைந்துகொள்ளும். பெரியதைக் குறைத்தபின்தான் சிறியது கண்ணுக்கே தெரியும்.

என் முகாம் கணக்கையும் இப்போது போட்டுப் பார்க்கலாம். அந்த மாணவியின் 4 செ.மீ. முழுவதுமே துப்பாக்கியின் குற்றம் என்று வைத்துக்கொண்டாலும், 12-ன் வர்க்கமான 144-லிருந்து 16-ஐக் கழித்தால் 128. அதன் வர்க்கமூலம் 11.3. அதாவது என் 12 செ.மீ.யில் குறைந்தது 11.3 செ.மீ. என்னுடையது! துப்பாக்கியே குற்றமற்றதாக இருந்திருந்தாலும் என் தாள் அப்படியேதான் இருந்திருக்கும்.

ஐந்து துளைகள் போதுமா?

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஐந்து துளைகளை வைத்து எதையும் முடிவு கட்டக்கூடாது. ஒரே ஆள், ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா என்றாலும் ஐந்து குண்டுக் கூட்டத்தின் அளவு, முறைக்கு முறை நான்கில் ஒரு பங்கு ஏறி இறங்குவது இயல்பு. பழைய குழலில் ஒரு கூட்டம், புதுக்குழலில் ஒரு கூட்டம் சுட்டுப் பார்த்து 'ஆகா, முன்னேறிவிட்டது' என்று மகிழ்பவர், நாணயத்தை இருமுறை சுண்டிவிட்டுச் சட்டம் இயற்றுபவரைப் போன்றவர். துப்பாக்கியைத் தாங்கியில் பூட்டி, ஒவ்வொரு குழலிலும் பல கூட்டங்கள் சுட்டு, சராசரி கண்டு ஒப்பிடுவதே முறை.

அப்படிச் சோதிக்கும்போது இன்னோர் உண்மையும் வெளிப்படும். ஒரே குழலில் தோட்டாவின் தயாரிப்புத் தொகுதி மாறினாலே பரவல் மாறும். ஆகவே போட்டிக்காரர்கள் பல தொகுதிகளைத் தம் துப்பாக்கியில் சுட்டுப் பார்த்து, ஒத்துவருவதை மொத்தமாக வாங்கிக்கொள்கிறார்கள். குழலை மாற்றுவதற்குமுன் தோட்டாவை மாற்றிப் பார்ப்பது செலவு குறைந்த வழி. குழலைச் சரியாகத் துடைத்து, வாய் விளிம்பைக் காப்பது அதனினும் மலிவு. தோட்டா இல்லாமல் வெறுமனே குறிபார்த்து விசை இழுத்துப் பழகுவதற்கோ செலவே இல்லை.

மேல்நாட்டுப் போட்டிகளில் 50 கெஜத்தில் ஒற்றைக் கையால் சுடும் பிரிவு ஒன்று உண்டு. அதன் பத்து வளையத்தின் விட்டம் ஏறத்தாழ 85 மி.மீ. இராணுவ வகைத் துப்பாக்கியோடு அங்கே போட்டியிடுவோர்க்கு, கையின் பரவல் அந்த வளையத்துக்குள் அடங்கத் தொடங்கியதும், இழைத்துப் பொருத்திய குழல் மெய்யாகவே புள்ளிகளைத் தரும். தேய்ந்த குழலையும், வாய் சிதைந்த குழலையும் மாற்றத்தான் வேண்டும். இவ்விரண்டு நிலைகளில் அச்செலவு பயனுள்ளது. மற்றவற்றில் பெரும்பாலும் ஆசைச் செலவே. நம் நண்பர்கள் சிலர் சைலன்சரை மாற்றிவிட்டு வண்டி வேகம் கூடியதாக நம்புவதை நாம் பார்த்ததில்லையா? கூடியது சத்தம்தான்!

குருவும் மாணவியும்

நம் நாட்டு எடுத்துக்காட்டு ஒன்று. 2006-ல் தோகா ஆசிய விளையாட்டில், 25 மீட்டர் சென்டர் ஃபயர் கைத்துப்பாக்கிப் பிரிவில் ஜஸ்பால் ராணா 600-க்கு 590 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தார். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 25 மீட்டர் பிரிவின் தகுதிச் சுற்றில் அவருடைய மாணவி மனு பாக்கர் எடுத்ததும் 590. போட்டிப் பிரிவு வேறு, தோட்டா வேறு, காலம் வேறு. எண் மட்டும் ஒன்று. அறுபது குண்டுகளில் இழந்தது பத்தே புள்ளிகள்.

கருவி ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கித் தகுதிச் சுற்றின் நடுவே இதே மனு பாக்கரின் துப்பாக்கி பழுதாகி, விலைமதிப்பற்ற நிமிடங்கள் போயின. 575 புள்ளிகளோடு 12-ஆம் இடம் பெற்றார். இறுதிச் சுற்றுக்கு இரண்டு புள்ளிகள் குறைவு. மூன்று ஆண்டுகள் கழித்து அதே பிரிவில் பாரிசில் வெண்கலம் வென்றார். சரப்ஜோத் சிங்குடன் கலப்புக் குழுவில் மற்றொரு வெண்கலமும் வென்றார். கருவி துணையாக நிற்காவிட்டாலும் தடையாக நிற்கக்கூடாது. அதனிடம் நாம் முதலில் கேட்கவேண்டியது இதுதான்.

சட்டம் சொல்வது

நம் ஊரில் லேத்துப் பட்டறைக்குப் பஞ்சமில்லை. 'ஒரு குழல்தானே, நாமே கடைந்துவிடலாமே' என்று விளையாட்டாகக்கூட யாரும் எண்ணக்கூடாது. 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி, துப்பாக்கியின் பாகங்களும் படைக்கலமே. உரிமமின்றிச் செய்வதும் விற்பதும் வைத்திருப்பதும் கடுந்தண்டனைக்குரிய குற்றங்கள்; 2019-ல் வந்த திருத்தம் தண்டனையை இன்னும் கூட்டியிருக்கிறது. வெளிநாட்டில் ஒருவர் கடையில் வாங்கி வீட்டில் மாட்டிக்கொள்ளும் குழலை, இங்கே பதிவுபெற்ற வீரரும் உரிமத்தின் வழியேதான் பெறமுடியும். அது நல்லதே. ஆர்வமுள்ள மாணவர்க்கு வாயில் மாணவர் படையும் துப்பாக்கிச் சங்கங்களும்தான். நம் மாவட்டத்து ஒத்திவாக்கத்தில் காவல்துறையின் சுடுதளம் இருக்கிறது; 2023-ல் நாடெங்கிலுமிருந்து பெண் காவலர்கள் அங்கே வந்து போட்டியிட்டார்கள்.

முடிவாக

முகாமிலிருந்து திரும்பிய இரவில் அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். நல்ல துப்பாக்கி ஒன்று கிடைத்தால் தேர்வு பெற்றுவிடுவேன் என்று முன்னொரு நாள் அவரிடம் சொன்னவன் நான்தான். என் கல்லூரிக் கட்டணம் அவருடைய இரவுப் பணியிலிருந்து வருகிறது. அவர் சொன்னது இதுதான்: "எங்க லைன்ல ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனா, மெஷினைக் குறை சொல்றதுக்கு முன்னாடி அளந்து பாப்போம்டா. அளக்காமப் பழி சொன்னா, மறுநாளும் அதே ரிஜெக்ட்தான் வரும்."

அதன்பின் இரண்டு மாதம், விசை இழுப்பதை மட்டுமே பழகினேன். அடுத்த முறை அதே வகை ரைஃபிளில், ஐந்து குண்டுகள் கொண்ட நான்கு கூட்டங்களின் சராசரி 7 செ.மீ. நான்கு செ.மீ. இன்னும் எட்டவில்லை. எட்டிய பிறகு குழலைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன்.

நண்பர்களே, நல்ல ஆய்வுக்கூடம் இல்லை, நல்ல புத்தகம் இல்லை, வீட்டில் படித்தவர் இல்லை என்று நாம் சொல்லும் குறைகளில் சில மெய்யே. அவற்றை மாற்றக் குரல் கொடுக்கவும் வேண்டும். ஆனால் அந்தக் கோணல் எத்தனை செ.மீ., நம் கோணல் எத்தனை செ.மீ. என்று ஒருமுறை நேர்மையாக அளந்து பார்ப்போம். பெரியதை முதலில் திருத்துவோம். குறி தானே நெருங்கி வரும்.